வெள்ளிக் களிமண் நகையில் கல் பதிப்பது: முழுமையான வழிகாட்டி

வெள்ளிக் களிமண்ணில் ஒரு பதக்கம் செய்வது பெரிய வித்தை இல்லை. உருட்டி, வெட்டி, அச்சு பதித்து, காயவைத்துச் சுட்டால் வெள்ளி கிடைத்துவிடும். அதில் ஒரு கல்லை வைக்க நினைக்கும்போதுதான் வேலை கடினமாகிறது. களிமண் சூளையில் சுருங்கும், கல் சுருங்காது. வெள்ளிக்கு 800 டிகிரி செல்சியஸ் ஒரு பொருட்டே இல்லை, பல கற்களுக்கோ அது சாவு. கல் பதிப்பில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன. அதனால் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும்: இந்தக் கல் தீக்குள் போகிறதா, இல்லை தீக்குப் பிறகு வருகிறதா? வடிவமைப்பு, களிமண்ணின் தடிமன், வாங்க வேண்டிய கருவி எல்லாம் இந்த முடிவைப் பொறுத்தவை.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. 1990-களில் ஜப்பானில் பிறந்த பொருள் இது. மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் பி.எம்.சி., ஐடா கெமிக்கல் நிறுவனத்தின் ஆர்ட் கிளே சில்வர் இரண்டும்தான் இதில் பெரிய பெயர்கள். மிக நுண்ணிய வெள்ளித் துகள், தண்ணீர், பிடிமானத்துக்கு ஒரு கரிமப் பசை, அவ்வளவுதான் உள்ளே. சுடும்போது பசை எரிந்துபோகும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 999 சுத்த வெள்ளியாகும். பசையும் தண்ணீரும் இருந்த இடம் காலியாவதால்தான் உருவம் சுருங்குகிறது. முதல் தலைமுறை பி.எம்.சி. கால்பங்குக்கு மேல் சுருங்கும். ஆர்ட் கிளே சில்வர் 8 முதல் 10 சதவீதமும், பி.எம்.சி. 3 என்ற வகை 10 முதல் 15 சதவீதமும் சுருங்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் சுருக்க அளவை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகளுக்கு அது வேண்டும்.

எந்தக் கல் தீயைத் தாங்கும்?

தொடக்கத்தில் நம்பி வைக்கக்கூடியது கியூபிக் சிர்கோனியா. நம் நகைக்கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்றும் ஏ.டி. கல் என்றும் விற்பது இதுதான். வெள்ளை நிறக் கல் 800, 900 டிகிரியிலும் அப்படியே இருக்கும். வண்ணக் கற்களில் சில நிறம் மாறும். அடுத்தது ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கமும் நீலமும். இவை அலுமினியம் ஆக்சைடு, உருகுநிலை 2000 டிகிரிக்கு மேல். செயற்கை ஸ்பினெலும் பெரும்பாலும் தாங்கும். இயற்கைக் கற்களில் கார்னெட், பெரிடாட் இரண்டும் சிலசமயம் தப்பிக்கும். ஆனால் உள்ளே விரிசலோ வேறு கனிமமோ இருந்தால் போச்சு.

தீப்பக்கமே கொண்டுபோகக் கூடாதவை: முத்து, பவளம், ஓப்பல், டர்க்காய்ஸ், அம்பர், மரகதம். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், சூட்டில் சுண்ணாம்பாகப் பொரிந்துவிடும். ஓப்பலுக்குள் தண்ணீர் இருக்கிறது. மரகதத்தின் விரிசல்களை எண்ணெயாலோ பிசினாலோ நிரப்பித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், சூட்டில் அது வெளியேறிவிடும். படிகக்கல் குடும்பத்துக்கு வேறு கதை. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பே மாறும், கன அளவு சட்டென்று கூடும், அப்போது விரிசல் விழலாம். செவ்வந்திக் கல்லுக்கு அதற்கு முன்பே நிறம் போய்விடும். கடைகளில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் கற்களில் நிறைய, சூடாக்கப்பட்ட செவ்வந்திக் கல்தான். வைரம் தாங்கும் என்று நினைக்காதீர்கள். அது கரி. காற்றுப்படும் சூளையில் அதிகச் சூட்டில் அதன் மேற்பரப்பு எரிந்து மங்கும்.

பாட்டியின் தோட்டிலிருந்து கழற்றிய சிவப்புக் கல்லை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது கண்ணாடியாக இருக்கலாம். பின்னால் மெல்லிய தகடு ஒட்டியதாகவும் இருக்கலாம். உண்மையான மாணிக்கமாகவே இருந்தாலும், ஈயக் கண்ணாடி நிரப்பிய மலிவான மாணிக்கங்கள் சந்தையில் ஏராளம், டார்ச் (எரிவாயுச் சுவாலைக் கருவி) பட்டாலே அவை கெட்டுவிடும். அந்தக் கல்லுக்குத் தீக்குப் பின் பதிக்கும் முறை இருக்கிறது, கீழே வருகிறது.

சந்தேகம் இருந்தால் சோதனை எளிது. ஒரே பொட்டலத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து, சூளைப் பலகையில் தனியாக வைத்து, நீங்கள் சுடப்போகும் அதே சூட்டில், அதே நேரம் சுடுங்கள். சூளை தானாக ஆறிய பிறகு பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்து ஒப்பிடுங்கள். நிறம் மாறியிருந்தாலும், மாறிய நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி, அதுவும் ஒரு முடிவுதான்.

முதல் முறை: காய்ந்த களிமண்ணில் குழி வெட்டிப் பதித்தல்

பல வகுப்புகளில் முதலில் சொல்லித்தருவது ஈரக் களிமண்ணில் கல்லை அழுத்துவதைத்தான். பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கல் சாய்ந்துவிட்டால் பிடுங்கிச் சரிசெய்ய வேண்டும், அதற்குள் களிமண் உலர ஆரம்பித்துவிடும், சுற்றிலும் விரல் தடம். என் பரிந்துரை, முதல் கல்லைக் காய்ந்த களிமண்ணில் பதியுங்கள் என்பதுதான். கருவிக்குக் கொஞ்சம் செலவாகும், ஆனால் அவசரமில்லாமல் வேலை செய்யலாம்.

3 மில்லிமீட்டர் வட்ட வெள்ளைக் கல்லை எடுத்துக்கொள்வோம். வைரம்போலப் பட்டை தீட்டிய வட்டக் கல்லின் உயரம் அதன் விட்டத்தில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது இந்தக் கல்லுக்கு 1.8 மில்லிமீட்டர். கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே தட்டையான முகம், நடுவில் மிக அகன்ற விளிம்பு, கீழே கூர்முனை. அந்த அகன்ற விளிம்பைத்தான் இடுப்பு என்கிறேன். தட்டை முகத்திலிருந்து இடுப்பு வரை அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, மீதி எல்லாம் இடுப்புக்குக் கீழே.

ஆகவே களிமண் குறைந்தது 2 மில்லிமீட்டர் தடிமனாவது வேண்டும். முழுப் பதக்கத்தையும் அவ்வளவு தடிமனாகச் செய்ய மனம் வராது, களிமண் இறக்குமதிச் சரக்கு, விலை அப்படி. கல் வரும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டுக் களிமண்ணை மேலே ஒட்டி உயர்த்தினால் போதும். அல்லது 1.5 மில்லிமீட்டரிலேயே செய்து, கூர்முனை பின்பக்கத் துளைக்குள் இறங்கும்படி விடலாம். ஆனால் அது பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தோலைக் குத்தும்.

ஓரத்திலிருந்து தள்ளியே இடம் தேர்ந்தெடுங்கள். கல்லின் விளிம்புக்கும் நகையின் ஓரத்துக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது வெள்ளி இருக்க வேண்டும். சுற்றியிருக்கும் வெள்ளி சுருங்கப் பார்க்கும், கல் இடம் தராது, ஓரம் மெலிந்திருந்தால் அங்கேதான் கிழியும். இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதும் இதேதான். சுட்ட பிறகு அவை இன்னும் நெருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

துண்டு முழுக்கக் காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லேசாகச் சூடாக்கிய துண்டை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல் சில விநாடி வைத்து எடுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. படியாதவரை காயவிடுங்கள்.

அப்புறம், கல் வர வேண்டிய நடுப்புள்ளியை ஊசியால் குறியுங்கள். கையால் சுற்றும் டிரில்லில் 1 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி, செங்குத்தாக, அழுத்தாமல் திருகி, மறுபக்கம் வரை துளை போடுங்கள். மின்சார டிரில் வேண்டாம், காய்ந்த களிமண் பிஸ்கட்போல நொறுங்கும். பிறகு துளையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு அகலப்படுத்துங்கள். இந்தத் துளையால் இரண்டு பயன். பின்னாலிருந்து வெளிச்சம் புகும், கல்லின் அடியில் சேரும் அழுக்கைக் கழுவவும் வழி கிடைக்கும்.

இப்போது கல் பதிக்கும் பர், அதாவது குழி குடையும் சின்ன வெட்டுமுனை. கூம்பு அடியும் நேர்ச்சுவரும் உள்ள பர் வாங்க வேண்டும், உருண்டை பர் உதவாது. விட்டம் கல்லின் விட்டமேதான், 3 மில்லிமீட்டர். அதையும் கைப்பிடியில் மாட்டி விரலாலேயே சுற்றுங்கள். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, தூளை ஊதி, கல்லை வைத்துப் பாருங்கள். விழும் தூள் எல்லாம் வெள்ளி. ஒரு தாளில் சேர்த்து டப்பாவில் போட்டுவைத்தால், தண்ணீர் கலந்து பசையாக்கி ஒட்டுவேலைக்குப் பயன்படுத்தலாம்.

எவ்வளவு ஆழம்? கல்லின் தட்டை முகம் களிமண்ணின் மேற்பரப்புக்குச் சமமாகவோ, ஒரு முடி அளவு கீழேயோ இருக்க வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் குழியின் சுவர் 9 சதவீதம் சுருங்கினால் சுமார் 2.7 மில்லிமீட்டர் ஆகும். இடுப்பு இருக்கும் உயரத்தில் கல் குறுக்கே நிற்பதால் சுவர் அங்கே சுருங்க முடியாது. இடுப்புக்கு மேலே தடை இல்லை, அங்கே சுவர் உள்ளே சாய்ந்து கல்லின்மேல் கவிழும். பக்கத்துக்குச் சுமார் 0.15 மில்லிமீட்டர்தான் அந்த உதடு, ஆனால் கல்லைப் பிடிக்க அது போதும். குழி ஆழம் குறைந்து இடுப்புக்கு மேலே சுவரே இல்லாமல் போனால் கவிழ்வதற்கு எதுவும் இருக்காது. சுட்டெடுத்ததும் கல் தனியே உருளும். கல் பதிப்பில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

கல்லை எடுக்க இடுக்கியைவிடத் தேன்மெழுகு நல்லது. பல்குச்சியின் நுனியில் சின்ன மெழுகு உருண்டை வைத்து, கல்லின் தட்டை முகத்தில் ஒற்றினால் ஒட்டிக்கொள்ளும். குழியில் இறக்கி, கண் மட்டத்துக்குத் துண்டைத் தூக்கி நாலு பக்கமும் பாருங்கள், கல் சாய்ந்திருக்கக் கூடாது. சுட்டபின் சாய்வை நிமிர்த்த முடியாது.

கடைசியாக, மெல்லிய தூரிகையை ஆல்கஹாலில் தொட்டு, பிழிந்து, கல்லின் முகத்தைத் துடையுங்கள். வெள்ளித் தூளோ மெழுகோ இருந்து, அப்படியே சுட்டுவிட்டால் கல்லின்மேல் வெள்ளிப் படலமாக ஒட்டிவிடும், தேய்த்தாலும் போகாது.

ஈரக் களிமண்ணிலும் சிரிஞ்சிலும்

ஈரத்தில் அழுத்திப் பதிப்பதற்கும் விதி அதேதான்: இடுப்பு மூழ்க வேண்டும். முதலில் உறிஞ்சுகுழலால் கல்லைவிடச் சிறிய துளை ஒன்று வெட்டிவிட்டு, அதன்மேல் கல்லை வைத்து, தட்டையான ஒன்றால் நேராக அழுத்துங்கள். துளை வெட்டாமல் அழுத்தினால் களிமண் போக இடமில்லாமல் சுற்றிலும் மேடாகப் பிதுங்கும்.

சிரிஞ்ச் முறை தட்டையான பரப்புக்கு மேலே கல்லை உயர்த்திக் காட்ட விரும்புபவர்களுக்கு. துளையைச் சுற்றி சிரிஞ்ச் களிமண்ணை (சிரிஞ்சிலிருந்து பிதுக்கும் இளகிய களிமண்) மூன்று, நான்கு வளையமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஈரமாக இருக்கும்போதே கல்லை இறக்கி அழுத்த வேண்டும். மேல்வளையம் இடுப்பைத் தாண்டி மேலே வர வேண்டும். கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். முதலில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வளையம் விட்டுப் பழகுங்கள், அதைச் சுரண்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

சுடுதல்

கல் உள்ள துண்டைச் சுட, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின்சூளைதான் பாதுகாப்பு. ஆர்ட் கிளே 650 வகைக்கு 650 டிகிரியில் 30 நிமிடம், 800 டிகிரியில் 5 நிமிடம் என்பவை குறைந்தபட்ச அளவுகள். குறைந்தபட்சம் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கல் தாங்குமென்று தெரிந்தால் 800 டிகிரியில் அரை மணி நேரமாவது விடுங்கள், உலோகம் இன்னும் இறுகும். வெள்ளி 961 டிகிரியில் உருகும், 900-க்கு மேல் போக வேண்டியதில்லை. வெப்பத்தை மெதுவாக ஏற்றுங்கள்.

டார்ச்சிலும் சுடலாம், ஆனால் சின்னத் துண்டு, சின்னக் கல் மட்டும். விளக்கை மங்கலாக்கிக்கொண்டால்தான் நிறம் தெரியும். முதலில் புகையும் சின்னச் சுவாலையும் வரும், அது பசை எரிவது. பிறகு துண்டு வெளிர் ஆரஞ்சாக ஒளிரும். அந்த நிறம் வந்ததிலிருந்து சில நிமிடம் அதே ஒளியில் பிடிக்க வேண்டும். பளபளவென்று கண்ணாடிபோல மின்ன ஆரம்பித்தால் உருகப்போகிறது, உடனே சுவாலையை விலக்குங்கள். சுவாலையை நேராகக் கல்லின்மேல் காட்டாமல் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள்.

எந்த முறையானாலும் ஒரு விஷயத்தில் சமரசம் கிடையாது: தண்ணீரில் முக்கக் கூடாது. கல் இல்லாத துண்டை முக்கி ஆற்றலாம். கல் இருந்தால் திடீர்க் குளிர்ச்சியில் உள்ளுக்குள் வெடித்து மங்கிவிடும். சூளையைத் திறக்காமல் அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். இந்த வேலையில் மிக கஷ்டமான பகுதி இந்தக் காத்திருப்புதான் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாம் முறை: தீக்குப் பின் பதித்தல்

நம் ஊர்ப் பத்தர்கள் கல்லைத் தீயில் விடவே மாட்டார்கள். நகையைப் பற்றவைத்து முடித்துவிட்டுத்தான் கல்லைத் தொடுவார்கள். குந்தன் வேலையில் சுத்தத் தங்கத் தகட்டைச் சூடே இல்லாமல் கல்லைச் சுற்றி அழுத்தியே பூட்டுவார்கள். தீ தாங்காத கற்களுக்கு நாமும் அந்த வழிக்குத்தான் வர வேண்டும்.

10 மில்லிமீட்டர் டர்க்காய்ஸ் கபோஷான் (பட்டை தீட்டாமல் வழவழப்பாகக் குவிந்த கல்) ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி ஒரு வெள்ளி வேலி கட்ட வேண்டும், அதுதான் பெசல். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள 999 வெள்ளிப் பட்டை வாங்குங்கள். 925 வெள்ளி வேண்டாம், அதிலுள்ள செம்பு சூளையில் கறுத்துவிடும். பட்டையைக் கல்லைச் சுற்றி வளைத்து, வெட்டி, முனைகளை இடைவெளி தெரியாமல் சேர்த்து டார்ச்சில் காட்டினால், சுத்த வெள்ளி என்பதால் பற்றுப்பொடி இல்லாமலே இணைந்துவிடும். ஒரு கணம் கவனம் தவறினாலும் முழுப் பட்டையும் உருண்டுவிடும், அதனால் சுவாலையை அசைத்துக்கொண்டே இருங்கள்.

இந்த வளையத்தை ஈரக் களிமண்ணில் ஒரு மில்லிமீட்டர் அழுத்திச் சுடலாம்தான். ஆனால் வளையம் சுருங்காது, களிமண் சுருங்கும். வளையம் நெளியும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் களிமண் வளையத்தை விட்டு விலகும். இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, வளையத்துக்குள் இருக்கும் களிமண்ணை வெட்டி எடுத்துவிட்டு, வார்ப்புப் பொடியில் (நகை வார்ப்பு அச்சுக்கான, தீ தாங்கும் பிளாஸ்டர்) செய்த வட்டை உள்ளே வைத்துச் சுடுவது. களிமண் வெளியிலிருந்து வளையத்தை இறுக்கிப் பிடிக்கும், வட்டு வடிவம் கெடாமல் காக்கும். சுட்டபின் வட்டைத் தண்ணீரில் கரைத்துச் சுரண்டி எடுக்கலாம். இன்னொன்று, அடித்தட்டை முதலில் தனியே சுட்டுச் சுருக்கத்தை முடித்துவிட்டு, பிறகு வளையத்தைப் பற்றவைப்பது. நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். ஒரே ஒரு எச்சரிக்கை: சுட்ட களிமண்ணில் நுண்துளைகள் இருக்கும், பற்றுவெள்ளியை அது உறிஞ்சிவிடும். பற்றவைக்கும் இடத்தை அகேட் கல்லாலோ எஃகுக் கருவியாலோ நன்றாகத் தேய்த்து அடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டை வாங்காமல் பெசலையே களிமண்ணில் செய்ய ஆசைப்பட்டால், கணக்குப் போட வேண்டும். கல்லின் அளவை, ஒன்றிலிருந்து சுருக்கத்தைக் கழித்த எண்ணால் வகுங்கள். 10 மில்லிமீட்டர் கல், 10 சதவீதம் சுருக்கம் என்றால் 10-ஐ 0.9-ஆல் வகுக்க 11.1 வரும். 15 சதவீதம் என்றால் 11.8. ஈரத்தில் திறப்பு அவ்வளவு இருக்க வேண்டும். அதற்குமேல் ஒரு தாள் தடிமன் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிதாக இருந்தால் சுவரை உள்ளே தள்ளிச் சரிக்கலாம், சிறிதாகிவிட்டால் அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வெள்ளிப் பரப்பு சுட்டதும் வெளிறிய வெள்ளையாக இருக்கும். கல்லை வைக்கும் முன்பே பித்தளை பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேயுங்கள், உப்புத்தாள், மெருகு எல்லாம் முடித்துவிடுங்கள். கறுப்பு ஏற்ற விரும்பினால் அதற்கும் இப்போதுதான் நேரம். கடையில் விற்கும் கந்தகக் கரைசல் வேண்டாமென்றால், அவித்த முட்டையை உடைத்து நகையோடு மூடிய பைக்குள் போட்டுவையுங்கள், மஞ்சள் கருவின் கந்தகமே கறுக்கவைத்துவிடும். வீட்டில் மணம் பற்றிக் கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெசலுக்குள் கல் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கும்போது, அடியில் ஒரு பல்நூலைக் குறுக்கே போட்டுவிட்டுக் கல்லை வையுங்கள். இல்லாவிட்டால் இறுகிய கல் வெளியே வராது. நூலின் இரு முனையையும் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். பெசல் கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் போதும், அதற்குமேல் இருந்தால் கல்லை மறைக்கும், மடிக்கும்போது சுருக்கம் விழும். சரியாக உட்கார்ந்ததும் நூலை உருவிவிட்டு, துண்டை அரக்கில் பதித்து அசையாமல் பிடித்துக்கொண்டு, தள்ளும் கருவியால் மேல், கீழ், இடம், வலம் என எதிரெதிர்ப் பக்கமாக அழுத்துங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சும் உலோகம் எங்கேயும் போகமுடியாமல் மடிப்பாகத் திரளும். எதிரெதிராகப் போனால் சீராகப் படியும். முடிவில் வழவழப்பான எஃகுக் கருவியால் ஒருமுறை சுற்றித் தேய்த்தால் விளிம்பு கல்லோடு சேர்ந்துவிடும். டர்க்காய்ஸ் மென்மையான கல், கருவி வழுக்கினால் கீறும். கல்லின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவையுங்கள்.

முத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. களிமண் ஈரமாக இருக்கும்போதே ஒரு சுத்த வெள்ளிக் கம்பியை நட்டு, சுட்டு, மெருகேற்றி, கம்பியில் குறடால் இரண்டு மூன்று வெட்டு போடுங்கள். பாதி துளைத்த முத்தை அதில் செருகி, இரண்டு குழாய்களாக வரும் எபாக்சிப் பசையைக் கலந்து ஒரு சொட்டு விட்டு ஒட்டினால் போதும். வெட்டுகளில் பசை பிடித்துக்கொள்ளும். துளை வாயில் வழியும் பசையை அது இறுகும் முன் குச்சியால் எடுத்துவிடுங்கள், ஒரு நாள் முழுக்க அதைத் தொடாதீர்கள்.